தலைமை யாருக்கு?

மனிதர் ஒருவரோடொருவர் கூடி வாழ்வதைக் கற்பிக்கும் ஓர் அமைப்புக்கு யார் தலைமை தாங்க வேண்டும்? கேட்பதற்கு எளிய வினாவாகத் தோன்றும். படித்தவர், பட்டறிவு உடையவர், நல்லெண்ணம் கொண்டவர், நாலு பேர் முன் பேசத் தெரிந்தவர் தாங்கட்டும் என்று எளிதாக விடையும் கூறிவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கூறி வந்தேன். அந்த விடையில் ஒரு பெருங்குறை உண்டு என்பதை எளாவூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு தாய் எனக்குக் கற்பித்தார்.

ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய அமைப்புகள் இன்று பல உள்ளன. இரண்டு உலகப் போர்களால் சிதைந்த அக்கண்டம், பின்னர் வேலை தேடியும் அடைக்கலம் தேடியும் வந்த பிற நாட்டு மக்களால் புதிய முகம் பெற்றது. துருக்கியரும் மொரோக்கோ நாட்டவரும் நம் ஈழத்துத் தமிழரும் அங்கே அண்டை வீட்டாராயினர். ஒரே தெருவில் பல மொழி, பல சமயம், பல வழக்கம். இவர்கள் அனைவரும் ஒரு நாட்டின் குடிமக்களாக ஒருவரையொருவர் மதித்து வாழ்வது எப்படி என்பதைப் பள்ளிகளிலும் இளையோர் முகாம்களிலும் பயிற்றுவிக்க இலாப நோக்கற்ற தொண்டு நிறுவனங்கள் தோன்றின. ஐரோப்பியப் பேரவையும் 2010ஆம் ஆண்டில், மக்களாட்சிக் குடிமைக்கும் மனித உரிமைக்குமான கல்வியைப் பற்றி ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது.

இவை பாராட்டுக்குரிய பணிகள். ஆயினும் இங்கே நுட்பமான ஓர் அறச்சிக்கல் உண்டு. வந்தேறியவருக்கும் வரவேற்றவருக்கும் சமத்துவத்தைப் போதிக்கும் நிறுவனத்தில், வந்தேறியவர் என்றென்றும் மாணவராகவும் வரவேற்றவர் என்றென்றும் ஆசிரியராகவும் இருப்பாரானால், பாடம் ஒன்று சொல்கிறது, இருக்கை வேறொன்று சொல்கிறது. பிள்ளைகள் பாடத்தைவிட இருக்கையையே உற்றுநோக்கிக் கற்றுக்கொள்கிறார்கள். இச்சிக்கல் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. என் பங்கிலேயே, என் கையாலேயே நான் அதை வளர்த்து வந்தேன்.

ஒரு தாயின் கேள்வி

எங்கள் பகுதி தமிழகமும் ஆந்திரமும் கைகோக்கும் எல்லை. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஊர்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்தில் உள்ளது, தென்பகுதி நம்முடையது. மீன் எல்லை அறியாது. வலை வீசுவோர் மட்டும் அறிய வேண்டியிருக்கிறது. எனவே பூசல்களுக்குக் குறைவில்லை. திருவிழாக் காலங்களில் ஊர்வலப் பாதை, ஒலிபெருக்கி என்று வேறு சில மனவருத்தங்களும் எழும். இவற்றைத் தணிக்கச் சில ஆண்டுகளுக்கு முன் நல்லிணக்கக் குழு ஒன்றை அமைத்தோம். இந்துக்கள், இசுலாமியர், கிறித்தவர் என 9 உறுப்பினர்கள். கூட்டம் நடந்தது பங்கு மன்றத்தில். தலைவர் பங்குத்தந்தையாகிய நான். ஐந்து ஆண்டுகள் எவரும் மாற்றிக் கேட்கவில்லை. நானும் மாற்ற நினைக்கவில்லை.

குழுவின் பணிகளுள் ஒன்று, ஏரிக்கரை இருளர் குடியிருப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் செய்வது. படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் மக்கள் அவர்கள். ஆண்டுதோறும் அங்கே சென்று ஏடுகளும் எழுதுகோல்களும் வழங்குவோம். கல்வியின் சிறப்பைப் பற்றி நான் உரையாற்றுவேன். அப்படி ஒருநாள் உரை முடிந்தபின் ஒரு தாய் எழுந்து நின்றார். "சாமி, அஞ்சு வருசமா எங்களப் பத்திக் கூட்டம் போடுறீங்க. அந்தக் கூட்டத்து நோட்டுல எங்க பேரு ஒண்ணாவது இருக்குதா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை, கணக்குக் கேட்பதுபோல் கேட்டார். என்னிடம் விடையில்லை. சற்றுத் தடுமாறி, அடுத்த கூட்டத்துக்குச் சிறப்பு அழைப்பாளராக வரும்படி அவரை அழைத்தேன். "வந்துட்டுப் போறதுக்கா சாமி?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஏரி கற்பிக்கும் நீதி

பழவேற்காட்டுப் பட்டினவர் ஊர்களில் வழிவழியாக வந்த 'பாடு' என்னும் முறையை நம்மில் பலர் அறிவர். ஏரியில் எல்லா இடமும் ஒன்றுபோல் விளைவதில்லை. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை வலியவர் பிடித்துக்கொண்டால் எளியவர் பட்டினி கிடக்க வேண்டும். ஆகவே உரிமையுள்ளவர்கள் கூடிச் சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துக் கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை சாதாரண இடத்துக்குப் போக வேண்டும். செல்வமும் உடல்வலிமையும் அங்கே செல்லாது. குடிமைக் கல்விக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் ஏது? எழுதப்படாத சட்டத்தை எல்லாரும் மதிப்பதும், தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதும் இங்கே தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்கின்றன.

எனினும் இந்த அழகிய முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சீட்டில் பெயர் உள்ளவர்க்கே இந்த நீதி. ஊர்த் தலைக்கட்டில் சேராதவருக்கு, பிற சமூகத்தாருக்குக் குலுக்கலில் இடமில்லை. உள்ளே இருப்போர்க்கிடையில் குறையற்ற சமத்துவம். வெளியே நிற்போருக்கோ சீட்டே இல்லை. இதைச் சுட்டிக்காட்டி மீனவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. என் குழுவின் குறிப்பேடும் அவ்வாறே அன்றோ இருந்தது? ஒன்பது பேரும் ஒருவரையொருவர் மதித்தோம். மாறி மாறிப் பேசினோம். பெயர்ப் பட்டியலை யார் எழுதியது என்று மட்டும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கோட்டைக்குள் ஓர் ஆசிரியர்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. அக்கோட்டையில் 1630களில் பத்தாண்டுகள் அளவில் பணியாற்றிய ஆபிரகாம் ரோசேரியுஸ் என்னும் சீர்திருத்தச் சபைக் குரு, பத்மநாபன் என்னும் அந்தணரிடம் அமர்ந்து இந்நாட்டுச் சமயத்தையும் வாழ்க்கை முறைகளையும் பொறுமையாகக் கேட்டறிந்தார். ரோசேரியுஸ் இறந்தபின், 1651இல் லெய்டன் நகரில் அவரது டச்சு நூல் வெளிவந்தது. மறைந்திருக்கும் புறச்சமயத்துக்கு ஒரு திறந்த கதவு என்பது அதன் தலைப்பின் கருத்து. பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுள்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்றது அந்நூலில்தான்.

ஓர் ஐரோப்பியக் குரு நம் ஏரிக்கரையில் மாணவராக அமர்ந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதே நூற்றாண்டில் அதே துறைமுகத்திலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர் என்பதும் வரலாறு. கோட்டைக்குள் கற்றலும் நடந்தது, விற்றலும் நடந்தது. கற்றவர் கெட்டவரல்லர், ஆனால் அவர் கற்ற பாடம் கோட்டையின் ஆட்சியை மாற்றவில்லை. பத்மநாபன் ஆசிரியராக மதிக்கப்பட்டார். எனினும் எதையும் தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை. ஒருவரிடம் அறிவைப் பெறுவது வேறு, அவரோடு அதிகாரத்தைப் பகிர்வது வேறு. பின்னது நிகழாதபோது முன்னது எவ்வளவு உயர்ந்ததாயினும் முழுமை பெறுவதில்லை.

மண்வெட்டியோடு வந்த தலைவர்

இதற்கு மாறான ஓர் ஐரோப்பியரையும் நம் நாடு கண்டிருக்கிறது. பியேர் செரெசோல் சுவிட்சர்லாந்து நாட்டவர், 1879இல் பிறந்தவர், பொறியியல் கற்றவர். அவருடைய தந்தை ஒருகாலத்தில் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டு, போரில் தரைமட்டமான பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்றை மீண்டும் கட்டுவதற்காக வெர்தூன் அருகே சிறு குழுவோடு சென்றார். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றுவரை எதிரிகளாயிருந்த நாட்டவர் ஒரே சுவருக்குக் கல் சுமந்தனர். அதிலிருந்து வளர்ந்ததே பன்னாட்டுக் குடிமைப்பணி அமைப்பு. பல நாட்டு இளையோரைக் கூட்டிப் பணிமுகாம்கள் வழியாக நல்லுறவைக் கற்பிக்கும் அவ்வமைப்பு இன்றும் இயங்குகிறது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெருநிலநடுக்கம் உலுக்கியது. செரெசோல் இந்தியா வந்தார். இராசேந்திர பிரசாத் வழிநடத்திய துயர்துடைப்புப் பணியோடு இணைந்து, 1937 வரை பலமுறை வந்து, வெள்ளம் சூழும் ஊர்களை மேட்டு நிலத்தில் மீண்டும் அமைக்கும் வேலையில் தம் தோழர் சிலரோடு ஈடுபட்டார். அக்காலத்தில் இந்நாட்டுக்கு வந்த ஐரோப்பியர் பெரும்பாலும் ஆள வந்தனர், வணிகம் செய்ய வந்தனர், போதிக்க வந்தனர். ஐம்பது வயதைக் கடந்த இவரோ கூலிக்காரரைப் போல் மண் வெட்ட வந்தார். இந்நாட்டவர் வகுத்த பணித்திட்டத்தில் தம்மை அடக்கிக்கொண்டார். ஓர் அமைப்பின் நிறுவனர் பிறருடைய வீட்டில் விருந்தினராகவும் வேலையாளாகவும் இருக்க இசைந்தார். அவ்வாறு இருந்தவருக்கே பிறரை வழிநடத்தும் உரிமை கனிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் ரோமையில் இறையியல் பயின்ற குரு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் பண்டிதர் ஒருவரிடம் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். குருவானவர் தம் தாய்மொழிக்கே மாணவரானார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக அவர் பெரிதும் உழைத்தார். அம்மன்றத்தின் தலைவரானவர் பிரெஞ்சு அறிஞர் பிலியோசா. செயலாளர் பொறுப்பை அடிகளாரோடு பகிர்ந்துகொண்டவர் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில். தமிழுக்கான மன்றத்தில் தமிழர் தலைவராக இல்லாதது தாழ்வு என்று அடிகளார் கருதவில்லை. அவர்கள் கோட்டை கட்ட வந்தவர்களல்லர். நம் மொழியின் முன் மாணவராக அமர்ந்தவர்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தொடக்கத் திருச்சபையின் தீர்ப்பு

இவ்வினாவைத் திருச்சபை தன் குழந்தைப் பருவத்திலேயே சந்தித்தது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் அதைக் கூறுகிறது. எருசலேம் சபையில் எபிரேய மொழி பேசியோரும் கிரேக்க மொழி பேசியோரும் இருந்தனர். அன்றாடப் பந்தி விசாரிப்பில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். மொழியால் பிரிந்த இரு கூட்டத்தார். உணவுப் பங்கீட்டில் ஒரு மனக்குறை. நமக்கு மிகவும் பழக்கமான கதையல்லவா?

திருத்தூதர்கள் என்ன செய்திருக்கலாம்? இனிமேல் ஒழுங்காகக் கவனிக்கிறோம் என்று உறுதி கூறியிருக்கலாம். முறையிட்டவருள் ஒருவரைச் சிறப்பு அழைப்பாளராக்கியிருக்கலாம். அவர்கள் செய்ததோ வேறு. மக்களையே எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிவானவர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. எழுவரும் கிரேக்கப் பெயர் உடையவர்கள். அக்காலத்து யூதரிடையே கிரேக்கப் பெயர்கள் வழங்கியது உண்மையே. ஆயினும் இவ்வெழுவரும், அல்லது அவர்களுள் பெரும்பாலோர், முறையிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று மறைநூல் அறிஞர் பலர் கருதுவர். அதாவது, புறக்கணிக்கப்பட்டோம் என்று வருந்தியவர்களின் கையிலேயே பந்தியின் பொறுப்பு முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. இனி எபிரேயக் கைம்பெண்களும் அவர்கள் கையால்தான் உண்பார்கள். எத்தகைய நம்பிக்கை அது!

அதன் விளைவையும் அதே நூல் கூறுகிறது. பந்திக்கென்று நியமிக்கப்பட்ட பிலிப்புதான் சமாரியாவுக்கு நற்செய்தியைக் கொண்டு சென்றார். எத்தியோப்பிய அதிகாரிக்குத் திருமுழுக்கு அளித்தார். ஓரத்தில் இருந்தவரிடம் பொறுப்பைக் கொடுத்தபோது, நடுவில் இருந்தவர் காணாத பாதைகள் திறந்தன.

ஆண்டவர் கூறிய நல்ல சமாரியர் உவமையும் இதையே உணர்த்துகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்னும் 2020ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் ஓர் அதிகாரம் முழுவதையும் இவ்வுவமைக்கே ஒதுக்கினார். எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்டவர் திருச்சட்ட அறிஞர்; அதாவது கற்பிக்கும் இருக்கையில் இருந்தவர். இயேசு அவருக்கு ஆசிரியராகக் காட்டியது யாரை? யூதர் வெறுத்து ஒதுக்கிய ஒரு சமாரியரை. இரக்கத்தைப் பெறும் இடத்தில் மட்டும் அந்நியரை நாம் வைக்கிறோம். இயேசு அவரைக் கற்பிக்கும் இடத்தில் வைத்தார்.

சில தடைகள்

இதற்கு மறுப்புகள் எழலாம். பாதிக்கப்பட்டவர் என்பதற்காகத் தகுதியில்லாதவரைத் தலைவராக்குவதா? கூடாது. எழுவரும் நற்சான்று பெற்றவர்களாக, தூய ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது திருத்தூதர்கள் விதித்த தகுதி. ஆனால் அத்தகைய ஞானம் நம் வட்டத்துக்குள் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணுவதுதான் தவறு. ஆங்கிலம் அறிவதும் அறிக்கை எழுதுவதும் பயனுள்ள திறமைகள். அவையே ஞானம் ஆகிவிடா.

இன்னொரு மறுப்பு: நேற்று வெளியே நின்றவர் இன்று உள்ளே அமர்ந்ததும், வேறொருவரை வெளியே நிறுத்தமாட்டார் என்பதற்கு உறுதி என்ன? உறுதி எதுவும் இல்லை. மனித இயல்பில் பாவத்தின் வடு எல்லாரிடமும் உண்டு; ஏழையிடமும் உண்டு. அதனால்தான் இருக்கை எவருக்கும் நிலையாக உரியதாகக் கூடாது. இன்று தலைமை தாங்கியவர் நாளை கீழே அமர்ந்து கேட்க வேண்டும். ஏரியின் 'பாடு' முறை இதையும் நமக்குக் கற்பிக்கிறது.

மூன்றாவது மறுப்பு என் உள்ளத்திலிருந்தே எழுந்தது. நான் விலகினால் குழு கலைந்துவிடும் என்று அது கூறியது. பணியின்மேல் கொண்ட அன்பின் குரலாகவே அதை நெடுநாள் நம்பினேன். அதில் என்மேல் நான் கொண்ட அன்பும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின.

பின் நடந்தது

இறுதியில் குழுவின் முன் இரண்டு முன்மொழிவுகளை வைத்தேன். இருளர் குடியிருப்பிலிருந்து மூவரை முழு உறுப்பினராகச் சேர்ப்பது; தலைமையைச் சீட்டுக் குலுக்கி ஆறு மாதத்துக்கு ஒருவராக முறைவைத்துக் கொள்வது. உறுப்பினர் இருவர் வருவதை நிறுத்திக்கொண்டனர். முதற் சீட்டு இசுலாமிய வணிகர் ஒருவருக்கு விழுந்தது. இரண்டாவது, அந்தத் தாய்க்கு.

அவர் முதலில் செய்தது, கூட்டத்தைப் பங்கு மன்றத்திலிருந்து தம் குடியிருப்பின் புங்கமரத்தடிக்கு மாற்றியதுதான். பாயில் அமர்ந்தோம். பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்ற பழைய பேச்சு எழுந்தது. ஐந்து ஆண்டுகள் நாங்கள் பெற்றோரின் அறியாமையைக் காரணமாகச் சொல்லி வந்தோம். அவர் சொன்னார்: விடியுமுன் தாய்மார் ஏரிக்குள் இறங்கிவிட்டால், கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பெண்பிள்ளைதான். ஏடும் எழுதுகோலும் எத்தனை கொடுத்தாலும் அந்தக் குழந்தையை அவை தூக்கி வைத்துக்கொள்ளா. அன்று குடியிருப்பின் மூதாட்டியர் இருவரிடம் காலைப் பொழுதில் குழந்தைகளை ஒப்படைக்க ஏற்பாடாயிற்று. அதற்கான சிறு தொகையைக் குழு ஏற்றது. பெருஞ்சாதனை என்று இதைச் சொல்லமாட்டேன். சில பெண்பிள்ளைகள் இப்போது பள்ளிக்குச் செல்கிறார்கள். சிலர் இன்னும் செல்லவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, பங்குப் பேரவை, அன்பியம், பக்த சபை, பள்ளி நிர்வாகம் என்று நம்மிடம் எத்தனையோ குழுக்கள் உள்ளன. அவற்றின் குறிப்பேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யாருக்காகக் கூடுகிறோமோ அவர்களுடைய பெயர் அதில் இருக்கிறதா? இருந்தால், எந்த வரிசையில் இருக்கிறது? எம்மாவு வழியில் அந்நியராக வந்து சேர்ந்தவர், விருந்துக்கு அழைக்கப்பட்டு உள்ளே வந்தார். பந்தியில் அமர்ந்ததும் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தவர் அவரே. சீடர்கள் அவரைத் தடுக்கவில்லை. இது என் வீடு, அப்பத்தை நான்தான் பிடுவேன் என்று அவர்கள் சொல்லியிருந்தால், ஆண்டவரை அவர்கள் அறிந்துகொண்டிருப்பார்களா?